அத்தையின் மேல்வரிசை

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது பல் வாயில் இல்லை, டம்ளரில் இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்கவும் பழகிக்கொண்டுவிட்டோம். போன வாரம் நம் சிநேகிதி ஒருத்தி, பேரன் பிறந்த நாளில் கேக்கைக் கடித்ததும் பல் செட் கேக்கோடு போய்விட்டதை நடித்தே காட்டினாள். நீங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என்னுடையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ரோஸ் நிறப் பிளாஸ்டிக், எடையே இல்லை. என் உள்ளங்கை வேறொரு எடையை எதிர்பார்க்கிறது. அறுபது வருஷமாகியும் அதற்கு மறக்கவில்லை.

அத்தையின் பல்லைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். வாங்கியவர்கள் யாரும் இப்போது இல்லை. உங்களிடம் சொன்னால் வருத்தப்பட ஆளில்லை, என்னைத் தவிர.

யுத்த காலம். எனக்கு ஒன்பது முடிந்து பத்து. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், ஒரு பெரிய பங்களாவின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸில். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கான்வென்ட் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். வயது இருபத்தாறு. அந்தக் காலத்துக் கணக்கில் அது கவலைப்பட வேண்டிய வயது.

அத்தைக்கு முழங்கால் வீங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் ஒருவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாயைத் திறக்கச் சொன்னார். மூட்டில் இறங்கும் விஷம் பல்லில் ஊறுகிறது, மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட்டால் கால் சரியாகிவிடும் என்றார். அப்போது அதுதான் புது வைத்தியமாம். நல்ல பல், ஒரு சொத்தை கிடையாது. வரிசை வைத்த மாதிரி இருந்த பற்களை நாலு தடவையாகப் பிடுங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஜட்கா வண்டியில் அத்தை வாயில் துணியை அடைத்துக்கொண்டு வருவாள், அம்மா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பாள். இறங்கும்போது முழங்கால் முன்பு போலவே வீங்கியிருக்கும். அது கடைசி வரை வற்றவில்லை.

முதலில் சிவப்பு ரப்பரில் பல் செட் கட்டினார்கள். அது தடிமன். அத்தைக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது, அண்ணம் புண்ணாகிவிட்டது. பிறகு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியில் இருந்த சீனாக்காரப் பல் டாக்டரிடம் போனோம். துணைக்கு நானும் போனேன். அவர் நம் ஊரில் பிறந்தவர், தக்னி உருதுவும் தமிழும் கலந்து பேசுவார்.

"ரப்பர் வேணாம்மா. ரப்பர் மோட்டா. இருக்கற ரப்பரெல்லாம் மிலிட்டரி லாரி சக்கரத்துக்குப் போய்ட்டுது. இது பாருங்க, பத்லா, மெல்லிசு. துரு புடிக்காது. காபி சூடு தெரியும், ஐஸ் சில்லுனு தெரியும். சொந்த வாய் மாதிரி இருக்கும்."

அவர் நீட்டியது ஓர் உலோகத் தகடு. அண்ணத்தின் மேடுபள்ளம் அப்படியே பதிந்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. அதன் விளிம்பில்தான் பற்களைப் பதித்திருந்தார். எவர்சில்வர் என்று இன்று நம் சமையலறை முழுவதும் அடுக்கி வைத்திருக்கிறோமே, அந்த ஜாதி எஃகு. நான் அதை முதன்முதலில் பார்த்தது அத்தையின் வாய்க்குள்தான்.

அத்தை சீக்கிரமே தேறினாள். காபியின் சூடு தெரிகிறது என்று அம்மாவிடம் குழந்தை மாதிரிச் சொன்னாள். பேசும்போது முதலில் லேசாக ஒரு டிக் சத்தம் வரும், பிறகு அதுவும் போயிற்று. சிரித்தால் முன்பைவிட அழகு. அந்தச் சமயத்தில்தான் கோலார் தங்கவயலிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சுரங்க ஆபீஸில் வேலை. அவருடைய பெரியம்மா எங்கள் பங்கிலேயே, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்திலேயே, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பெண் பார்த்தது, பேசியது எல்லாம் அவள்தான். அத்தையைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே, "சிரிச்சா முத்து கொட்டற மாதிரி இருக்குது" என்பதுதான்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று சாயந்திரம்தான் அப்பா என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"கல்யாணம் முடிஞ்சு மெதுவா நாமளே சொல்லிக்கலாம். அது வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிர். அந்த 'மெதுவா' என்கிற வார்த்தையை நம்பி எத்தனை பேர் வீட்டில் எத்தனை காரியம் கெட்டிருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் கோயிலுக்கு வராத சிநேகிதிகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஞாயிறு பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய கோதுமை அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். எங்களுக்கு அது அப்பம் இல்லை, சேசுநாதரின் உடல். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் முழங்காலிட்டு, நாக்கை நீட்டி வாங்க வேண்டும். பல் படக் கூடாது. விரல் பட்டால் மகா பாவம். எல்லோரும் எழுந்து போகும்போது ஒருத்தி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அவள் மனசில் சாவான பாவம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

கல்யாணம் நிச்சயமான ஜோடியின் பெயரைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பதும் உண்டு. அதற்கு ஓலை என்று பெயர். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்து வாசிப்பார்கள். ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பெண்ணின் மேல் நூறு கண் இருக்கும்.

முதல் ஓலைக்கு இரண்டு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தாள். நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குளியலறைக்குப் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஈரத் தரையில் முழங்காலிட்டிருந்தாள். முன்னால், துவைத்த வெள்ளைக் கைக்குட்டை மேல் பல் செட் மல்லாந்து கிடந்தது. தகட்டின் பளபளப்பில் வெள்ளையாக, ஈரமாக, அரை வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"தொடாத" என்றாள். பல் இல்லாமல் அந்த வார்த்தை குழறி வந்தது. "முழுங்கப் பாத்தேன், போகல. கெட்டியா புடிச்சிக்கிச்சு."

நானும் முழங்காலிட்டேன். எனக்குப் பயத்தில் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. சேசுநாதர் எங்கள் குளியலறையில், வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறார். விரலால் எடுக்க முடியாது, அப்படியே விடவும் முடியாது. அத்தை செட்டை அப்படியே எடுத்து வாயில் பொருத்திக்கொண்டு, செம்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். பிறகு கைக்குட்டையை அலசி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துக் கொய்யா மரத்தடியில் ஊற்றினாள்.

அதோடு முடிந்திருக்கும். நான்தான் முடிய விடவில்லை.

எனக்கு அந்த வருஷம்தான் புது நன்மை, அதாவது முதல் நன்மை, கொடுத்திருந்தார்கள். ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி மதர் சொன்னதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா?

"அத்தே, நன்மை வெக்கிற பாத்திரத்துக்கு உள்ள தங்க முலாம் பூசியிருக்கணுமாம். வேற உலோகத்துல படவே கூடாதாம். மதர் சொன்னாங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் நன்மை வாங்கப் போகவில்லை.

பெரியம்மா கோயில் வாசலில் அம்மாவிடம் விசாரித்தாள். வயிறு சரியில்லை என்றாள் அம்மா. அதற்கடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். அத்தை பெஞ்சைவிட்டு எழவில்லை. வாய் தவறித் தண்ணீர் குடித்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். இரண்டாவது ஓலை அன்று எங்கள் பங்கின் நீல ரிப்பன் பெண்களுக்கு முறை. கல்யாணமாகாத பெண்கள் எல்லோரும் வெள்ளை முக்காடும் கழுத்தில் நீல ரிப்பனுமாக வரிசையாகப் போய் ஒன்றாக நன்மை வாங்க வேண்டிய ஞாயிறு. முப்பது பேர் எழுந்து போனார்கள். காலியான இரண்டு பெஞ்சுக்கு நடுவில் அத்தை மட்டும், நீல ரிப்பனோடு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று பெரியம்மா வீட்டுக்கே வந்தாள். காபியைத் தொடவில்லை.

"நா ஒண்ணும் கேக்கலம்மா. பொண்ணுங்க மனசுல என்னென்னவோ இருக்கும். சாமிகிட்ட பாவத்தச் சொல்லி சங்கீர்த்தனம் பண்ணா எல்லாம் போயிரும். ஆனா மூணாவது ஓலைக்குள்ள அவ கிராதிக்கு வரணும். இல்லன்னா தங்கவயலுக்கு நா என்னன்னு எழுதறது, சொல்லுங்க."

அவள் போனதும் அப்பா தைதை என்று குதித்தார். "தகடாவது கிகடாவது. சும்னே போய் வாங்கிட்டு வாம்மா. ஆண்டவருக்கு வேற வேல இல்ல, உன் வாய்க்குள்ள பூந்து தங்கமா இரும்பான்னு பாக்கறதுக்கு."

"ஒட்டிக்கும் அண்ணா" என்றாள் அத்தை. "ஒட்டிக்கிட்டா நா என்ன பண்றது? அன்னிக்கு நீங்க பாக்கல."

"அப்ப சாமியக் கேட்டுட்டு வா."

இதற்கு அம்மா பதில் சொன்னாள். "அவருக்குக் கேக்கற மாதிரி கேட்டா கோயிலுக்கே கேக்குமே."

அது உண்மை. எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். தாடி, புத்தகத் தமிழ், தங்கமான மனசு, காது மட்டும் சுத்தமாக மந்தம். பாவசங்கீர்த்தனக் கூண்டில் அவரிடம் கிசுகிசுத்தால் "உரக்கச் சொல்" என்று அவரே உரக்கச் சொல்வார். கொஞ்சம் பெரிய பாவம் செய்தவர்கள் அடுத்த பங்குக்கு நடந்து போய்விடுவார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கேலி. அடுத்த பங்கில் காது நன்றாகக் கேட்கும் சாமியார் ஒருவர் இருந்தார். ஆனால் கல்யாணத்துக்கு ஓலை வைத்திருக்கும் பெண் சங்கீர்த்தனத்துக்கு வேறு பங்கு தேடிப் போனாள் என்று தெரிந்தால், பெரியம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு நாள் மத்தியானம் நான் யோசனை சொன்னேன். "கழட்டிட்டுப் போய் வாங்கிக்குங்களேன் அத்தே."

அத்தை அறைக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி முன்னால் நின்று செட்டைக் கழற்றினாள். மேலுதடு உள்ளே விழுந்தது, கன்னம் ஒட்டியது, மூக்கு நீண்டது. கண் மட்டும் இருபத்தாறு வயதாகவே இருந்தது. அந்த முகத்தோடு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இப்படியா போகச் சொல்ற?"

நான் வெளியே ஓடிவிட்டேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை சாயந்திரம். பிள்ளைகளும் பெரியவர்களும் சங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். எனக்குள் ஒரு திட்டம் இருந்தது. சங்கீர்த்தனக் கூண்டில் சொல்வது யாரிடமும் சொன்னதாகாது, அது தேவரகசியம் என்று மதர் சொல்லியிருக்கிறார். ஆகையால் சத்தியமும் உடையாது, அத்தைக்கும் விடை கிடைத்துவிடும். கெட்டிக்காரத்தனம் அதற்குள் எனக்குத் தெளிந்திருக்கவில்லை பாருங்கள். எனக்குப் பின்னால் நாலாவது ஆளாக ஜெபமாலை உருட்டிக்கொண்டு நின்றது யார் என்று திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

என் பாவங்களைச் சொன்னேன். பொய், சண்டை, சர்க்கரை திருடித் தின்றது. பிறகு கம்பிவலையில் வாயை வைத்து, "சாமி, வாயில உலோகத் தகடு இருந்தா நன்மை வாங்கலாமா?" என்றேன்.

"உரக்கச் சொல், பிள்ளை."

சொன்னேன். இன்னும் உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பொய்ப்பல்லா?" என்றார் சாமியார். எத்தனை சந்தோஷமான குரல் அது. "பொய்ப்பல் வைத்தவர்கள் தாராளமாக வாங்கலாம். பயம் எதற்கு? இதோ, எனக்கே பொய்ப்பல்தான். தகடு வைத்த பல். இருபது வருஷமாகத் தினமும் இதே வாயால்தான் பூசை செய்து நன்மை உட்கொள்கிறேன்." கூண்டின் இருட்டுக்குள் டக் டக்கென்று பல்லை மோதிக் காட்டினார். "யாருக்கு அந்தச் சந்தேகம்? உங்கள் வீட்டிலா?"

"யாருக்கும் இல்ல சாமி" என்றேன். கூண்டுக்குள்ளேயே பொய் சொன்னேன்.

வெளியே வந்தபோது வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. பெரியம்மா ஜெபமாலையை உருட்டவில்லை. என்னைத் திட்டவில்லை. என் முக்காடு சரிந்திருந்தது. குனிந்து அதைச் சரிசெய்து, கன்னத்தைத் தட்டிவிட்டு வரிசையைவிட்டு வெளியேறினாள்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தை எதிரில் நின்றாள். அப்பா சட்டை போடாமல் சுவரோரம் நின்றார்.

"சாமியே சொல்லிட்டாரு, அவருக்கும் பொய்ப்பல்லுதானாம்" என்று பெரியம்மா நிதானமாகப் பேசினாள். "நீ பாவத்துல இல்லன்னு தெரிஞ்சு எனக்கு நிம்மதிம்மா. நிஜமா சொல்றேன். ஒரு வாரமா உனக்காக ஜெபமால சொல்லிட்டிருந்தேன். பாவம்னா சங்கீர்த்தனத்துல போயிரும். இது போற சங்கதியா? உன் சிரிப்பப் பத்தித்தான் தங்கவயலுக்கு மொத காகிதம் எழுதினேன். ஒரு வார்த்த மொதல்லயே சொல்லியிருந்தா நானே பேசி முடிச்சிருப்பேன். சாமிய ஏமாத்தக் கூடாதுன்னு இருந்தீங்க. எங்கள மட்டும் ஏமாத்தலாம்னு இருந்தீங்களா?"

அப்பா சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். அம்மா அழுதாள். அத்தை ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தரையில் எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது சுவர் வரை போகிற வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் பூசைக்குப் போக வேண்டாம் என்றாள் அம்மா. அத்தை கேட்கவில்லை. வெள்ளை முக்காடு போட்டு, நீல ரிப்பனை அவளாகவே கழுத்தில் கட்டிக்கொண்டாள். போன வாரம் மூன்று ஜோடிக்கு ஓலை வாசித்த சாமியார் இந்த வாரம் இரண்டு ஜோடிக்கு வாசித்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார்.

நன்மைக்கு மணி அடித்தது. சனங்கள் எழுந்தார்கள். அத்தை எழவில்லை. கிராதி வரை எல்லோரும் போய் வரட்டும் என்று காத்திருந்தாள். கடைசி வரிசை முழங்காலிட்டதும் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். பிறகு என் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, எதையோ வைத்து விரல்களை மூடினாள். சூடாக இருந்தது. ஈரமாக, நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அத்தை நடு வழியாக நடந்தாள். முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் அவளால் நடக்க முடியும். முக்காட்டை முன்னால் இழுத்துக்கொள்ளவில்லை. முழங்காலிட்டு நாக்கை நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பி, அந்த விழுந்த உதட்டோடு, ஒட்டிய கன்னத்தோடு, கோயில் முழுவதையும் எதிரில் பார்த்தபடி திரும்பி வந்தாள். நீல ரிப்பன் பெண்கள் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கையில் இருந்ததைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முகத்தை மறைக்காமல் அப்படி நடந்து வந்தது கோபமா, பணிவா, இல்லை இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற விட்டேற்றியா என்று இந்த வயதிலும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தகடு இருந்தால் குற்றமில்லை என்று சாமியாரே சொன்ன பிறகும் ஏன் கழற்றினாள் என்று அம்மா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தையிடம் அல்ல, என்னிடம்.

கழற்றிய காரணம் எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து, குளியலறையில் செட்டைக் கழுவிப் பொருத்திக்கொண்டு, அத்தை என்னைக் கூப்பிட்டாள். நான் அடி வாங்கத் தயாராகப் போனேன்.

"சாமிக்கும் தகடுதான்னு சொன்னாராமே, கண்ணு?"

"ஆமா அத்தே."

"அவரோடது தங்கமா, இல்ல இந்த மாதிரி எஃகான்னு கேட்டியா?"

"கேக்கல" என்றேன்.

அத்தை தலையை ஆட்டினாள். ஈரக் கையால் என் நெற்றியில் சிலுவை வரைந்தாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. சாமியார் அடுத்த வருஷம் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய்விட்டார். வேறு வரனும் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி வேறு பங்குக்குப் போகும் வரை, ஞாயிறுதோறும் நன்மை நேரத்தில் அத்தையின் மேல்வரிசை என் உள்ளங்கையில்தான் இருந்தது.